'வெட்டுவோம்' என்று நான் சொன்ன சொல்

1

திருக்கோணமலைக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. உள்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் அண்ணாவின் வீட்டில் தங்கியிருக்கிறேன். காலைத் தேநீர் முடிந்ததும் வளவின் பின்பக்கம் கதிரையைப் போட்டு, மடியில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு முணுமுணுப்பேன். நாலாம் நாள் அண்ணி சமையலை விட்டு, குசினிக்குள் இருந்து வந்து பக்கத்தில் நின்றார். ஏதாவது நேர்த்தியா, எந்தக் கோயிலுக்கு இந்த மந்திரம் என்று கேட்டார்.

மந்திரம் இல்லை, ஸ்பானிய வினைச்சொல் என்றேன். ஆப்லாரீயா, ஆப்லாரீயாஸ், ஆப்லாரீயா, ஆப்லாரீயாமொஸ். பேசுவேன், பேசுவாய், பேசுவார், பேசுவோம்.

"அப்ப வருங்காலமோ?" என்றார் அண்ணி. அவர் முப்பது வருடம் ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவர்.

வருங்காலமும் இல்லை. நாளைக்குப் பேசுவேன் என்பதற்கு அவர்களிடம் வேறு சொல். அந்தக் காலத்தில் தினமும் பேசுவேன் என்பதற்கு இன்னொரு சொல். நேரம் கிடைத்தால் பேசுவேன், கேட்டால் பேசுவேன், நிலைமை அப்படி வந்தால் பேசுவேன் என்பதற்குத்தான் இந்தச் சொல். நாங்கள் தமிழில் இந்த மூன்றுக்கும் 'பேசுவேன்' என்ற ஒன்றையே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறோம். முன்னுக்குப் பின்னுக்கு வருகிறதைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறோம்.

விதி சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வினைச்சொல்லை வாலோ தலையோ வெட்டாமல் முழுதாக எடுத்து, கடைசியில் 'ஈயா' என்று ஒட்டினால் சரி. பேசுவதற்கு ஆப்லார், ஆப்லாரீயா. சாப்பிடுவதற்கு கொமேர், கொமேரீயா. வசிப்பதற்கு பிவீர், பிவிரீயா. எல்லாவற்றுக்கும் ஒரே ஒட்டு. இதைவிட இலகுவான காலம் எங்கள் மொழியில் இல்லை என்று வகுப்பு ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த இலகுவானதைப் பிடிக்க ஒரு வருடம் போயிற்று. இன்னும் வாய் தடுமாறுகிறது.

"இந்த வயதில என்னத்துக்கு இது?" என்று அண்ணி கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். மூன்று நாளுக்கு முன்பு கிண்ணியாவுக்குப் போய்வந்த பிறகுதான் அதை முழுதாகச் சொல்ல முடிந்தது. அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

2

நான் இருப்பது லாஸ் பல்மாஸ் என்ற துறைமுகப் பட்டினத்தில். ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு, ஆனால் ஆபிரிக்கா பக்கத்தில் இருக்கிறது. என் கணவர் கப்பலில் வேலை செய்துகொண்டு வந்து அங்கே இறங்கியவர், பிறகு ஏறவில்லை. துறைமுகத்தில் மீன் குளிரவைக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை. நான் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருடம். மகள் மதுரா அங்கேதான் பிறந்தாள்.

ஐந்து மணிக்கு எழும்பி, ஐந்தே முக்காலுக்கு பஸ் எடுத்து, ஒரு வைத்தியசாலையில் தரை துடைக்கிறேன். எலும்பு முறிவு வார்ட்டும் அதற்கு முன்னால் உள்ள நீண்ட விறாந்தையும் என் பங்கு. என் ஸ்பானிஷ் அந்த விறாந்தையில் படித்தது. தரை ஈரம், அந்தப் பக்கம் போங்கள், வாளி எங்கே, பை நிறைந்துவிட்டது. இதற்கு நிகழ்காலமும் கட்டளையும் போதும். 'நடந்தால்', 'வந்தால்' என்று பேச வேண்டிய தேவை ஒரு துடைப்பானுக்கு வருவதில்லை.

மிச்சமெல்லாவற்றுக்கும் 'சி' என்பேன். ஸ்பானிஷில் அது 'ஓம்'. இந்தப் பழக்கம் ஸ்பெயினில் வந்ததில்லை. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் சோதனைச் சாவடி இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்கும் சிங்களக் கேள்வி பாதிதான் விளங்கும். அப்பா மூதூருக்கு ஆட்களை ஏற்றும் இயந்திரப் படகில், லோஞ்சில், சாரதி, நாளுக்கு நாலு தரம் அந்தச் சாவடியைக் கடக்கிறவர். அவர் சொல்லித் தந்தது ஒன்றுதான்: சிரித்த முகத்தோடு ஓம் என்று சொல், நிற்காதே, நட. அப்படித்தான் நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாடத்தை நான் மறக்கவே இல்லை.

லாஸ் பல்மாஸில் வதிவிட அட்டை புதுப்பிக்கிற அலுவலகத்தில் ஒருமுறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்னவோ நீளமாகக் கேட்டாள். சி என்றேன். இன்னொன்று கேட்டாள். அதற்கும் சி. வீட்டுக்கு வந்து கடதாசியை மதுராவிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, அட்டை புதுப்பிக்கக் கிடைத்த என் முறையை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த முறை கிடைக்க நாலு மாதம் சென்றது. அப்போது மதுராவுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு எல்லா அலுவலகத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினாறு வயது வரை வந்தாள். பிறகு அவளுக்கு வகுப்பு, சிநேகிதிகள், பகுதிநேர வேலை. கேட்டால் முகம் சுளிக்க மாட்டாள். நேரம்தான் இருக்காது.

3

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. விறாந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தாதி ஒருத்தி வந்து என் தோளைத் தொட்டாள். நீ சிறீலங்காதானே, ஏழாம் அறைக்கு வா என்றாள்.

கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது கால் கணுக்காலுக்கு மேலே வரை கட்டுப் போட்டுத் தூக்கி வைத்திருந்தது. சரக்குக் கப்பல் ஒன்றில் வேலை. கப்பலைக் கட்டும் கம்பிக் கயிறு அறுந்து காலில் அடித்திருக்கிறது. காயத்துக்குள் கிருமி பிடித்துவிட்டது. கப்பல் அவரை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது. அவருக்குத் தெரிந்த கப்பல் ஆங்கிலம் வைத்தியருக்கு விளங்கவில்லை, வைத்தியரின் ஆங்கிலம் அவருக்கு விளங்கவில்லை.

எந்த ஊர் என்று தமிழில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"கிண்ணியா" என்றார். "நீங்க?"

"ரவுண்தான். துறைமுகத்தடி."

ரவுண் என்றால் திருக்கோணமலைப் பட்டினம்; கிண்ணியாவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கடல்வாய்தான். பெயர் நஸார் என்றார். அதற்குப் பிறகு என்னைத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கினார், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் காக்கா என்றேன். ஒன்றரை வாரமாக அந்த மனிதர் யாரோடும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியிருக்கவில்லை.

வைத்தியர் வந்தார். நல்ல மனிதர், அவசரமில்லாமல்தான் பேசினார். மதுராவுக்குப் போன் எடுத்தேன். வகுப்பில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. வைத்தியர் என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள், சின்னச் செய்திதான் என்றார். எனக்கும் ஒரு பெருமை வந்தது என்பதை ஒளிக்கக் கூடாது. பதினெட்டு வருடத்தில் வாளியோடு அல்லாமல் என்னை ஒருவர் கூப்பிட்டது அன்றுதான்.

அவர் சொன்னதை இன்றைக்கு எனக்கு வரி வரியாகத் தெரியும். "சி" என்று தொடங்கினார். நாலு நாள் என்றார். கிருமி இறங்கவில்லை என்றார். பிறகு, கொர்த்தாரீயாமொஸ், முழங்காலுக்குக் கீழே. கொர்த்தார் என்றால் வெட்டுவது. அது வைத்தியசாலைத் துணி வெட்டுகிற இடத்தில் நான் படித்த சொல். 'மொஸ்' என்று முடிந்தால் 'நாங்கள்'. கடைசியில், கவலைப்பட வேண்டாம் என்றார்.

நான் நஸார் காக்காவுக்குச் சொன்னேன்: "கிருமி இறங்கேல்லையாம் காக்கா. நாலு நாளில முழங்காலுக்குக் கீழ வெட்டுவினமாம். கவலைப்பட வேண்டாமாம்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். விளங்கினதா என்று வைத்தியர் கேட்டார். நான் அவருக்காகவும் சேர்த்து, சி என்றேன்.

வைத்தியர் போன பிறகு அவர் என் போனைக் கேட்டார். அவருடையது உடைந்து போயிருந்தது. இலக்கத்தைச் சொல்ல நான் அழுத்திக் கொடுத்தேன். மனைவியோடு பேசினார். ஸரீனா என்று இரண்டு தரம் பெயரைச் சொன்னார், பிறகு விசயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தமும் ஒரு பெண்பிள்ளையின் குரலும் கேட்டன. நான் துடைப்பானை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஏற்கெனவே துடைத்த இடத்தைத் திரும்பவும் துடைத்தேன்.

4

வெள்ளி, சனி, ஞாயிறு எனக்கு ஓய்வு நாட்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் மேசையில் இருந்தோம். ஊர்க்காரர் ஒருவருக்குக் கால் எடுக்கப் போகிறார்கள் என்று கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரா போனைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். வைத்தியர் சொன்ன சொல்லை அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"கொர்த்தாரீயாமொஸ் எண்டவரோ, கொர்த்தாரேமொஸ் எண்டவரோ?"

"ரெண்டும் வெட்டுவம்தானே?"

அவள் கரண்டியை வைத்தாள். "அம்மா, முதலாவது வெட்ட வேண்டி வந்தா வெட்டுவம் எண்டு. ரெண்டாவதுதான் வெட்டத்தான் போறம் எண்டு. முதல்ல 'சி' எண்டு சொன்னவரோ? அது ஓம் இல்லை. 'இறங்காட்டி' எண்ட சி."

ஒரே ஒலி. எழுத்தில் மேலே ஒரு சின்னக் கீறு இருந்தால் 'ஓம்', இல்லாவிட்டால் 'என்றால்'. நாலு நாளில் கிருமி இறங்காவிட்டால் வெட்ட வேண்டி வரலாம், கவலைப்பட வேண்டாம் என்றுதான் வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

நான் எழும்பிச் செருப்பைப் போட்டேன். ஞாயிறு பின்னேரம் வார்ட்டுக்கு ஓய்வில் இருக்கும் வேலையாளை விடமாட்டார்கள் என்று கணவர் சொன்னார். போய்ப் பார்த்தேன், விடவில்லை. திங்கள் காலை ஆறே காலுக்கு ஏழாம் அறையில் நின்றேன். நஸார் காக்கா விழித்திருந்தார். ஒப்பரேசனுக்கு முன் தொழ வேண்டும், தண்ணீர் கொண்டுவந்து தரமுடியுமா என்று கேட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். எட்டு மணிக்கு வைத்தியர் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார். நன்றாக இறங்குகிறது, நடந்து வீட்டுக்குப் போவார் என்றார். இந்த முறை மதுரா போனில் இருந்தாள். ஒவ்வொரு சொல்லாக அவளே தமிழில் சொன்னாள், அவளுடைய உடைந்த தமிழில்.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"காலைத் திருப்பித் தந்திருக்கான் அல்லாஹ். உங்களோட கோவிக்க இப்ப எனக்கு நேரமில்ல தங்கச்சி" என்று சிரித்தார். திரும்பவும் என் போனில் ஸரீனாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் இருந்து வந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் போகக் கூடாது என்று மனைவியும் கணவனும் மாறி மாறிச் சத்தியம் வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் அவர் ஊருக்குப் போனார்.

அந்தக் கிழமையே வளர்ந்தவர்களுக்கான மாலை வகுப்பில் பெயரைக் கொடுத்தேன். கணவர் செவ்வாயும் வியாழனும் சோறு தானே காய்ச்சுவதாக மட்டும் சொன்னார். வகுப்பில் பதினாலு பேர், ஒன்பது நாட்டுக்காரர். ஆசிரியை பலகையில் ஆறு வடிவத்தை எழுதிவிட்டு, பலரைப் பார்த்து 'நீங்கள்' என்பதற்கான ஐந்தாவதை அடித்துவிட்டார். இந்தத் தீவில் அதை யாரும் பேசுவதில்லையாம். அந்த ஒன்று குறைந்ததில் எல்லாரும் மூச்சு விட்டோம்.

இந்தப் பயணத்துக்கு மதுராவையும் கூப்பிட்டேன். "இரீயா, பெரோ" என்றாள். போவேன், ஆனால். அந்த 'ஆனால்'-க்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் படித்ததில் எனக்கு முதலில் சரியாக விளங்கிய வாக்கியம் அதுதான்.

5

மூன்று நாளுக்கு முன் கிண்ணியாவுக்குப் போனேன். நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் கடல்வாயைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் வாகனமும் ஆட்களும் ஏறும் மிதவை. இப்போது நீளமான பாலம். சீனக்குடா தாண்டி, பஸ்ஸில் இருந்து இறங்காமலே அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நஸார் காக்கா பாலத்தடியில் வந்து நின்றார். நடையில் சின்னச் சரிவு, மற்றபடி முழு ஆள். இப்போது கப்பலுக்குப் போவதில்லை. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறார், வேலை நிறைய வருகிறது என்றார். வீட்டில் ஸரீனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் குரலைக் கேட்டுத்தான் ஆளைத் தெரியும் என்றார். இரண்டு மகன்கள் பள்ளிக்கூடத்தில். மூத்தவள் ரிஃப்கா, இருபத்திரண்டு வயது, சலாம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சாப்பிட்டு முடிந்தது. ஸரீனா பக்கத்து வீட்டுக்குப் பாத்திரம் கொடுக்கப் போனார். நஸார் காக்கா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ரிஃப்காவுக்குக் கம்பஸ் கிடைத்தது, பல்கலைக்கழக அனுமதி. மூன்றாம் தடவை உயர்தரப் பரீட்சை எழுதி எடுத்த இடம். ஆனால் கடைசி நேரத்தில் தனக்குப் படிக்க விருப்பமில்லை, தூர இடத்தில் இருக்க ஏலாது என்று போகாமல் விட்டுவிட்டாள். இப்போது பாலர் பாடசாலையில் பிள்ளை பார்க்கிறாள்.

"நாலு வயசில இருந்து புத்தகத்தோட திரிஞ்ச பிள்ள தங்கச்சி. என்ன நடந்த எண்டு எனக்கு விளங்கல்ல. நீங்க வெளிநாட்டில இருக்கிற ஆள். நீங்க ஒரு சொல் சொன்னாக் கேப்பாள். வேற வழியில எண்டாலும் படிக்கச் சொல்லுங்க."

நான் குசினிக்குள் போனேன். ரிஃப்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். வாப்பா உன்னோடு பேசச் சொன்னார் என்று தொடங்கினேன். அவள் திரும்பவில்லை.

"உங்கட போனில வாப்பா எடுத்த அண்டைக்கு நான் கொம்பியூட்டர் கடைக்குப் போக வெளிக்கிட்டு நிண்டன் அன்ரி" என்றாள். "கம்பஸுக்குப் பதிவு செய்ய. வெள்ளிக்கிழம பின்னேரம் கடைசி."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த வெள்ளிக்கிழமை, நான் பிழையாகச் சொன்ன வியாழனுக்கு அடுத்த நாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். உம்மா விழுந்துவிட்டார். வாப்பாவுக்குக் கால் இல்லாமல் போனால் தம்பிமாரை யார் பார்ப்பது, உம்மாவை யார் பார்ப்பது என்று யோசித்திருக்கிறாள். யாரும் அவளைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை தன் போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள், ஆசைப்பட்டுப் பதிவு செய்துவிடுவேனோ என்ற பயத்தில். பின்னேரம் தாண்டிய பிறகுதான் திறந்தாள். திங்கட்கிழமை கால் வெட்டத் தேவையில்லை என்று செய்தி வந்தபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். சந்தோசமும் இருந்தது என்றாள்.

"பிறகு கேட்டுப் பாக்கல்லயா?"

"கேட்டன். தேதி போனாப் போனதுதானாம். இனி எழுதவும் ஏலாது, மூண்டு தடவையும் முடிஞ்சிது."

"ஏன் வாப்பாவுக்குச் சொல்லயில்ல?"

குழாயை மூடினாள். "சொன்னா வாப்பா அவர்ட காலையே வெறுத்திடுவார். நீங்களும் சொல்லிடாதீங்க."

நான் அவளுக்கு என்ன சொல்வது? பிழை விட்டது நான், விலை கொடுத்தது அவள், அதை ஒளிக்கிற வேலையையும் ஒரு வருடமாக அவளே செய்துகொண்டிருக்கிறாள். என்னால் ஏலாது மகள் என்றேன். வாப்பா வெளியே பதிலுக்குக் காத்திருக்கிறார், இன்னொரு தரம் அந்த மனிதருக்குப் பிழையாக ஒரு சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன் என்றேன்.

அவள் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்ப இன்னொரு தரம் எங்கட வீட்டை அழ வைக்கப் போறீங்க."

  அவள் சொல்வதுதான் சரியாக இருக்கலாம். ஆனால் விறாந்தையில் இருந்து நஸார் காக்கா "என்ன சொல்றாள் தங்கச்சி?" என்று கேட்டுவிட்டார்.

போய் அவர் முன்னால் இருந்து சொன்னேன். படிக்க விருப்பமில்லை என்றது உண்மை இல்லை. பதிவு செய்யும் கடைசி நாள், நான் பிழையாகச் சொன்ன அந்த நாலு நாளுக்குள் வந்தது. உங்களுக்குக் கால் போகுது என்று நினைத்து அவள் போகாமல் விட்டாள். இதற்குக் காரணம் நீங்களும் இல்லை, அவளும் இல்லை, நான். இதை அவள் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டாள்.

ரிஃப்கா குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரம்.

நஸார் காக்கா தன் வலது காலை ஒருமுறை பார்த்தார், பிறகு அதைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"உம்மாக்குத் தெரியுமா மகள்?"

"இல்ல வாப்பா."

"இஞ்ச வா."

அவள் வந்து அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.  அந்த வீட்டில் எனக்கு இனி வேலை இல்லை என்று எழும்பினேன். அவரும் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன், கேட்கவில்லை. பாலத்தடி வரை அந்தச் சரிந்த நடையில் என்னோடு வந்தார். 

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது சொன்னார்: "அண்டைக்கு நீங்க இல்லாட்டி எனக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது தங்கச்சி."

அவர் முகத்தைப் பார்த்தேன். குத்திச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். குத்திச் சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

6

இரண்டு நாள் எங்கேயும் போகவில்லை. கொப்பியையும் திறக்கவில்லை. அண்ணி கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவர் என்னைத் தேற்றவில்லை. பிள்ளை வீட்டில் இருந்தே படித்து வெளிவாரிப் பட்டம் எடுக்கலாமே, அதற்கு இத்தனை தடவைதான் என்று கட்டுப்பாடு இல்லையே, யாராவது சொன்னார்களா என்று கேட்டார். ரவுணில் விண்ணப்பம் வாங்கும் இடத்தையும் சொன்னார். அதை ரிஃப்காவுக்கு எழுதி அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

இன்று மத்தியானம் அவள் போன் எடுத்தாள். குரலில் இன்னும் சிரிப்பில்லை. உம்மாவுக்கும் வாப்பா சொல்லிவிட்டாராம். வீட்டில் ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டவில்லையாம். நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது என்று தான் இப்போதும் நினைப்பதாகச் சொன்னாள். ஓம் மகள் என்றேன்.

"வாப்பா நாளைக்கு என்னக் கூட்டிக்கொண்டு ரவுணுக்கு வாறார். அந்தப் படிவம் எடுக்க. உங்களையும் வரட்டாம்."

நான் தயங்கினேன். அங்கே என்ன கேட்பார்கள், எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன்.

"நீங்க ஒண்டும் கதைக்க வேணாம் அன்ரி" என்றாள். "சும்மா வந்து பக்கத்தில இருங்க."

நாளைக்கு ஒன்பது மணிக்குப் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். அண்ணி தன் குடையை எடுத்து வாசலில் வைத்திருக்கிறார். வெயில் கடுமையாக இருக்குமாம்.